ஹோம்-ரன் பேட்டை அணைக்க வேண்டுமா? (ஸ்மாஷ், மதர் தொடர்கள்)

பழைய_கேட்ரிட்ஜ்
நின்டெண்டோவின் சண்டை விளையாட்டுத் தொடரான ஸ்மாஷில் கடைசியாக வந்த ஸ்மாஷ் அல்டிமேட் ஆட நாலு பேர் கூடினாலே எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நிச்சயம். ஆட்டத்தின் நடுவே மேடையில் விழும், எடுத்துப் பயன்படுத்தும் பொருள்தான் ஐட்டம்; அந்தப் பட்டியலில் ஹோம்-ரன் பேட் இருக்கலாமா, கூடாதா? ஒரு தரப்பு அது ஆட்டத்தையே கெடுக்கிறது என்கிறது. நான் எதிர்த்தரப்பு.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1999இல் நின்டெண்டோ 64இல் வந்த முதல் ஸ்மாஷ் தொடங்கி 2018இன் அல்டிமேட் வரை விடாமல் கூடவே வரும் ஐட்டம் இது. பேஸ்பால் மட்டைதான், வேறொன்றும் இல்லை. (ஹோம்-ரன் என்றால் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரிப் பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பது.) சும்மா வீசினால் சாதாரண அடி. அதையே பக்கவாட்டு ஸ்மாஷாக, அதாவது பக்கவாட்டில் விடும் பலமான அடியாக அடித்தால், பாத்திரம் மட்டையைத் தோளுக்குப் பின்னால் இழுத்து நிற்கும். ஒரு மினுக்கல். பிறகு 'கிண்' என்று உலோகச் சத்தம். பட்டவர் திரையிலேயே இருக்க மாட்டார். அவருடைய சேதம் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அப்போது பேச்சே இல்லை.

இழுத்து நிற்கும் அந்த நேரத்தில்தான் என் வாதமே இருக்கிறது. மட்டைக்காரனை யார் வேண்டுமானாலும் வந்து அடிக்கலாம், நகர்ந்து போகலாம், கேடயம் போடலாம். அவன் அந்தரத்தில் நிற்பது மாதிரி நிற்கிறான். இவ்வளவு வெளிப்படையாக 'இதோ அடிக்கப்போகிறேன்' என்று அறிவித்துவிட்டு வரும் அடியில் போய் மாட்டிக்கொண்டால் அது மட்டையின் குற்றமா?

உங்கள் கருத்து என்ன?

மெலீ_மாணிக்கம்
குற்றம் மட்டையுடையது இல்லைதான். அது எங்கே விழுகிறது என்பதில்தான் சிக்கல். ஐட்டம் வானத்திலிருந்து எவன் தலைக்குப் பக்கத்தில் விழும் என்று யாருக்கும் தெரியாது. நான் மேடையின் இந்தக் கோடியில் இருக்கிறேன், அது அந்தக் கோடியில் விழுகிறது. இதில் என் திறமை எங்கே வந்தது?

பிறகு, நீங்கள் ஸ்மாஷ் வீச்சை மட்டும்தான் சொன்னீர்கள். அந்த மட்டையைத் தூக்கி எறிந்தாலும் பலமான அடிதான். அதற்குத் தோளில் இழுத்து நிற்கவும் வேண்டாம், மினுக்கவும் வேண்டாம்.

போட்டி ஆட்டத்தில் ஐட்டம் அணைத்து வைப்பது இதற்காகத்தான். 2008இல் ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில் மூன்றாவது ஸ்மாஷான பிராலை ஐட்டத்தோடு நடத்திப் பார்த்தார்கள். ஸ்மாஷ் ஆட்டக்காரர்கள் நடுவே அது எவ்வளவு பெரிய சண்டையைக் கிளப்பியது என்று தேடிப் பாருங்கள்.

ஓனெட்_வாசி
இரண்டு பேரும் ஸ்மாஷோடு நிறுத்திவிட்டீர்கள். வீடியோ கேமில் பேஸ்பால் மட்டை என்றால் நான் முதலில் எடுப்பது மதர் தொடரைத்தான். அங்கே மட்டை ஐட்டம் இல்லை, ஆளே அதுதான்.

1989இல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியில் முதல் மதர் வந்தபோது ஜப்பானில் ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் சாகச விளையாட்டு) என்றாலே பெரும்பாலும் வாள், கேடயம், கோட்டை. மதரை உருவாக்கிய ஷிகெசாடோ இடோய் அதையெல்லாம் எடுத்துவிட்டு அமெரிக்கச் சிற்றூர் ஒன்றை வைத்தார். தொப்பி போட்ட பள்ளிக்கூடப் பையன், கையில் பேஸ்பால் மட்டை. அந்தப் பையன் நின்டனுக்குப் பிளாஸ்டிக் மட்டை, மர மட்டை என்று படிப்படியாகக் கிடைத்துக்கொண்டே போகும். 'ஹேங்கின் மட்டை' என்றும் ஒன்று உண்டு. அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹேங்க் ஆரனை வைத்து இட்ட பெயர் என்றே ரசிகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது விளையாட்டு 1994இல் ஜப்பானில் மதர் 2, 1995இல் அமெரிக்காவில் எர்த்பவுண்ட். அதன் நாயகன் நெஸ்ஸின் முதல் ஆயுதம் விரிசல் விட்ட மட்டை! பிறகு டீ-பால் மட்டை, தெருவோர மைதான மட்டை, மைனர் லீக், பிக் லீக், ஹால் ஆஃப் ஃபேம். ஒரு பையன் பேஸ்பாலில் காணக்கூடிய கனவு முழுவதும் அந்த ஆயுதப் பட்டியலில் வரிசையாக இருக்கிறது. தெருவில் ஆட ஆரம்பித்துப் பெரிய லீக் வரை.

இதை எங்கே வாங்குகிறோம் என்பது இன்னும் அழகு. கொல்லன் பட்டறை கிடையாது. ஊரில் இருக்கிற மருந்துக்கடைக்குப் போக வேண்டும். அப்பா வங்கியில் போட்டுவிடும் பணத்தை ஏடிஎம்மில் எடுத்து, அந்தக் கடையில் மட்டை வாங்கி, வெளியே வந்து தெருநாயோடு சண்டை. உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட வீரனின் செலவுக் கணக்கு இப்படித்தான் தொடங்குகிறது. தொப்பிகூட மரத்தின் மேல் கட்டிய ரகசியக் குடிசையில் ஒரு பையன் கொடுப்பதுதான்.

சாண்ட்பேக்_ரசிகர்
அப்படியானால் ஸ்மாஷின் ஹோம்-ரன் பேட் மதரிலிருந்து எடுத்ததுதானே? நெஸ்ஸும் முதல் ஸ்மாஷிலேயே மறைந்திருக்கும் பாத்திரமாக இருக்கிறானே.

பழைய_கேட்ரிட்ஜ்
பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் விளையாட்டே அப்படிக் கணக்கு வைப்பதில்லை. ஹோம்-ரன் பேட்டை ஸ்மாஷின் சொந்தச் சரக்காகத்தான் வகைப்படுத்தியிருக்கிறார்கள். மதர் மட்டை ஸ்மாஷில் இருக்கும் இடம் நெஸ்ஸின் பக்கவாட்டு ஸ்மாஷ். அது அவன் கையோடு வருவது, வானத்திலிருந்து விழுவது இல்லை.

ஆனாலும் இரண்டு மட்டைக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிறார்: சடோரு இவாடா. மதர் 2 ஆண்டுக்கணக்கில் இழுத்து முட்டுச்சந்தில் நின்றபோது ஹால் லேபரட்டரி என்ற விளையாட்டு நிறுவனத்திலிருந்து உதவிக்கு வந்தவர். இருப்பதை வைத்துத் திருத்தினால் 2 ஆண்டு, முதலிலிருந்து எழுதினால் அரை ஆண்டு என்று சொல்லி, இரண்டாவது வழியில் அதைக் கரைசேர்த்தார். பிறகு மசாஹிரோ சகுராய் யோசித்து வைத்திருந்த நால்வர் சண்டை விளையாட்டின் மாதிரிக்கு நிரல் எழுதியதும் இதே இவாடாதான். அந்த மாதிரிதான் வளர்ந்து ஸ்மாஷ் ஆனது.

ஓனெட்_வாசி
நெஸ்ஸின் அந்தப் பக்கவாட்டு ஸ்மாஷைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மட்டையின் நுனியில் பட்டால்தான் முழுப் பலமும். உடம்பை ஒட்டிப் பட்டால் பலம் குறைவு. அது எதிரி எறியும் குண்டையும் திருப்பி அடிக்கும். துப்பாக்கிக் கையோடு வரும் சேமஸ் என்ற பாத்திரம் முழு சார்ஜ் போட்டு விட்ட குண்டு நெருங்கி வருகிறது, நெஸ் இடுப்பைத் திருப்பி மட்டையை வீசுகிறான், குண்டு வந்த வழியே திரும்புகிறது. பந்தை அடிப்பதுபோலவே. மட்டையை வெறும் தடியாக நினைத்தவர்கள் இப்படி ஒன்றைச் செய்திருக்க மாட்டார்கள்.

மதர் 3இன் லூகாஸ் பிராலில் வந்தபோது அவன் கையில் கொடுத்தது குச்சி. அவன் ஊரான டாஸ்மிலியில் பேஸ்பால் ஏது? அதுவும் சரிதான்.

கணக்குப்பிள்ளை
மட்டை என்றதும் நான் வராமல் இருக்க முடியாது. எர்த்பவுண்டின் இரண்டு மட்டைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலாவது கட்ஸி பேட். பயோனிக் கிராக்கன் என்ற எதிரியை வீழ்த்தினால் 128இல் ஒரு வாய்ப்பு. '128 கிராக்கனைக் கொன்றால் ஒன்று கிடைத்துவிடும்' என்று நம்பிப் போகிறவர்கள் நிறைய. கணக்கு அப்படி வராது. 128 முறை வென்றபிறகும் ஒன்றுகூடக் கிடைக்காமல் வெறுங்கையோடு நிற்கும் வாய்ப்பு சுமார் 37 சதவீதம். பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமென்றால் 89 முறை வெல்ல வேண்டும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் அந்தக் கிராக்கன் திரியும் இடம். கடைசிச் சண்டைக்கு முந்தைய கடந்தகாலக் குகை. அதைத் தாண்டினால் கடைசி எதிரி கீகஸ், அத்தோடு விளையாட்டு முடிந்தது. மாங்கு மாங்கென்று உழைத்து மட்டையை வாங்கினால் அதை வைத்து அடிக்க எதிரியே பாக்கி இல்லை. அதே குகையில் லெஜண்டரி பேட் பரிசுப்பெட்டியில் சும்மா கிடக்கிறது, தாக்குதல் 110. கட்ஸி பேட்டின் தாக்குதல் 100தான். ஆனால் அது கட்ஸ் எண்ணை, அதாவது பாத்திரத்தின் துணிச்சலைக் காட்டும் எண்ணை, 127 ஏற்றிவிடும். கட்ஸை 500ஆல் வகுத்தால் வருவதுதான் 'ஸ்மாஆஆஷ்!' என்ற பேரடி விழும் வாய்ப்பு. கட்ஸ் எவ்வளவு குறைவாக இருந்தாலும் 20இல் ஒன்றுக்குக் கீழே போகாது. கட்ஸ் உச்சமான 255ஐத் தொட்டால் இரண்டு அடிக்கு ஒன்று பேரடி!

இரண்டாவது, என் செல்லம், கேஸி பேட். தாக்குதல் 125. மட்டைகளிலேயே பெரிய எண். வாங்கி மாட்டிக்கொண்டு போனால் தெரியும் சங்கதி. நான்கு வீச்சில் மூன்று காற்றில் போகும். மற்ற மட்டைகள் 16இல் ஒன்றுதான் தவறும்.

சாண்ட்பேக்_ரசிகர்
125க்கு ஆசைப்பட்டு நான் அதைப் போட்டுக்கொண்டு ஒரு சாதாரணப் பறவையிடம் அடி வாங்கியிருக்கிறேன். எதற்கு இப்படி ஒரு மட்டையை வைத்தார்கள் என்றுதான் புரியவில்லை. கிண்டலா?

கணக்குப்பிள்ளை
கிண்டலேதான், ஆனால் விவரமான கிண்டல். 1888 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோ எக்ஸாமினர் நாளிதழில் எர்னெஸ்ட் தேயர் எழுதிய ஒரு பேஸ்பால் கவிதை வந்தது. அமெரிக்காவில் இன்றும் மேடையில் சொல்லிக் காட்டுகிற கவிதை அது. அதன் நாயகன் கேஸி. ஊரே அவனை நம்பி உட்கார்ந்திருக்கும். அவனும் மிதப்பில் முதல் இரண்டு பந்தை வேண்டுமென்றே விட்டுவிடுவான். மூன்றாவதைப் பலங்கொண்ட மட்டும் வீசி, கோட்டைவிடுவான். ஆட்டம் போச்சு.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் கனம் சட்டென்று பிடிபடாது. கிரிக்கெட்டில் வீசித் தவறினால் அடுத்த பந்து இருக்கிறது, ஸ்டம்பு விழாதவரை கவலை இல்லை. பேஸ்பாலில் மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். எனவே கேஸி பெயரை வைத்த மட்டை பெரிய எண்ணோடும் பெரிய தவறலோடும் வருவதுதான் நியாயம். லெஜண்டரியைவிட 15 புள்ளி கூடுதல், அதற்காக நான்கில் மூன்று அடியைத் தாரைவார்க்க வேண்டும். எந்தக் கணக்கில் போட்டாலும் நஷ்டம். ஆனாலும் விளையாட்டின் பெட்டியில் அது கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பேன்.

பழைய_கேட்ரிட்ஜ்
கணக்குப்பிள்ளை, எனக்குத் தேவையான சாட்சியத்தை நீங்களே கொண்டுவந்து கொடுத்துவிட்டீர்கள். கேஸி பேட்டில் நான்கில் மூன்று தவறுவது பகடை பார்த்துக்கொள்ளும் வேலை. ஹோம்-ரன் பேட்டில் அதே வேலையை அந்தக் காத்திருப்பு செய்கிறது. அங்கே எண் தவறவைக்கிறது, இங்கே எதிரில் நிற்கிற மனிதர் தவறவைக்கிறார். இரண்டிலும் பெரிய அடிக்கான விலையை வீசுவதற்கு முன்பே கட்டியாக வேண்டும்.

கட்டைவிரல்
விளையாட்டுச் சாமான் என்றால் ஜிடிஏ தொடரை விட்டுவிட்டீர்களே. மூன்றாம் பாகத்திலிருந்து பேஸ்பால் மட்டை இருக்கிறது. அதே தொடரின் வைஸ் சிட்டியில் லீஃப் லிங்க்ஸ் கோல்ஃப் மைதானத்துக்குள் நுழைந்தால் உலோகச் சோதனை வாசலில் துப்பாக்கி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள். உள்ளே ஆயுதம் வேண்டுமென்றால் கோல்ஃப் குச்சிதான். சான் ஆண்ட்ரியாஸில் பில்லியர்ட்ஸ் குச்சியும் சேர்ந்துகொண்டது. டெட் ரைசிங் 2 என்ற வேறொரு விளையாட்டில் மட்டையையும் ஆணிப்பெட்டியையும் சேர்த்தால் ஆணி மட்டை. இதையும் பேசுவோம்.

இழைக்காவலர்
ஜிடிஏ மட்டைக்குத் தனி இழை திறந்தால் நல்லது. அங்கே அது தெருச்சண்டைச் சாமான், இந்த இழையின் போக்கு வேறு. லீஃப் லிங்க்ஸ் செய்தி மட்டும் அருமை, அதனால் பதிவை நீக்கவில்லை.

கோஷியென்_அக்கா
ஒசாகா பக்கம் சில காலம் இருந்தவள் என்ற முறையில் அந்தச் சத்தத்தைப் பற்றி நான் ஒன்று சொல்கிறேன். யாரும் தொடவில்லை.

ஹோம்-ரன் பேட் பட்டால் வருவது மரத்தின் 'டொக்' இல்லை. நீளமாக இழுக்கும் உலோகக் 'கிண்ண்'. ஜப்பானில் பேஸ்பால் மட்டையின் சத்தம் என்று ஒரு பள்ளி மாணவனைக் கேட்டால் இதைத்தான் வாயால் செய்துகாட்டுவான். காரணம் கோஷியென். பள்ளி மாணவர்களின் கோடைக்காலத் தேசியப் போட்டி அது. 1915இல் தொடங்கியது, இன்றும் நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்க்கிறது. உயர்நிலைப்பள்ளி பேஸ்பாலில் 1974இல் உலோக மட்டையை அனுமதித்தார்கள். மர மட்டை அடிக்கடி உடையும், வாங்கி மாளாது. அன்றிலிருந்து கோடை என்றால் அந்தச் சத்தம். தொழில்முறை லீக்கில் இன்றும் மர மட்டைதான்.

ஆகவே எனக்குக் கேட்பதெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துச் சத்தம். வெயில், புழுதி, மொட்டைத் தலைப் பையன்கள். எதிரி வானத்தில் பறந்து நட்சத்திரமாக மின்னி மறையும்போது அந்தச் சத்தம் மட்டும் இல்லாவிட்டால் இவ்வளவு சிரிப்பு வராது.

அப்புறம், ஹேங்க் ஆரன் பெயர் வந்ததால் இன்னொன்று. அதே 1974 நவம்பரில் அவர் டோக்கியோ வந்து கொராகுவென் மைதானத்தில் சடஹாரு ஓவோடு ஹோம்-ரன் போட்டி ஆடினார். 10க்கு 9 என்று ஆரன் ஜெயித்தார். அமெரிக்காவில் 755 ஹோம்-ரன் அடித்தவரும் ஜப்பானில் 868 அடித்தவரும். ஜப்பானிய விளையாட்டு ஒன்றில் அமெரிக்கச் சிறுவன் கைக்கு 'ஹேங்க்' மட்டை வருவதில் எனக்கு வியப்பே இல்லை.

மெலீ_மாணிக்கம்
அக்கா, இது நல்ல செய்தி. அதிலும் இந்த ஹோம்-ரன் போட்டி என்ற யோசனை இரண்டாவது ஸ்மாஷான மெலீயிலேயே இருக்கிறதே. 2001இல் வந்த ஹோம்-ரன் கான்டெஸ்ட். நான் ஐட்டத்துக்கு எதிரிதான், ஆனால் மட்டை அதற்குரிய இடத்தில் இருப்பது அங்கேதான்.

பார்க்காதவர்களுக்கு: எதிரே கண் மட்டும் வைத்த மணல் மூட்டை, பெயர் சாண்ட்பேக். 10 வினாடி. அதற்குள் உதைத்து, குத்தி எவ்வளவு சேதம் ஏற்ற முடியுமோ ஏற்றி, கடைசி நொடியில் மட்டையை எடுத்து ஒரே வீச்சு. எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் மதிப்பெண். மெலீயில் இது கல்நெஞ்சக்கார விளையாட்டு. மூட்டை மேடையிலிருந்து தவறிக் கீழே விழுந்தால் முடிந்தது கதை. பிராலில்தான் தடுப்பு ஒன்றைப் போட்டுக் காப்பாற்றினார்கள்.

எதிரி திருப்பி அடிக்க மாட்டான், மட்டை எங்கே இருக்கும் என்பதும் தெரியும். நேரத்தையும் சேதத்தையும் நீங்களே நிர்வகிக்க வேண்டும். 9ஆவது வினாடியில் இன்னொரு குத்துக்கு ஆசைப்பட்டால் மட்டையை இழுத்து நிற்க நேரம் இருக்காது. அதிர்ஷ்டத்துக்கு அங்கே இடமே இல்லை.

சாண்ட்பேக்_ரசிகர்
என் பெயரைக் காப்பாற்றியதற்கு நன்றி. அல்டிமேட்டில் இது முதலில் இல்லை, 2019 செப்டம்பர் அப்டேட்டில்தான் வந்தது. அதுவரை நான் இருந்த நிலைமை எனக்குத்தான் தெரியும்.

இளவரசி பீச் பாத்திரத்தையும் யாராவது சொல்லுங்கள். மெலீயில் அவள் பக்கவாட்டு ஸ்மாஷுக்குக் கோல்ஃப் குச்சி, டென்னிஸ் மட்டை, வாணலி மூன்றில் எது வரும் என்று அவளுக்கே தெரியாது.

ஓனெட்_வாசி
வாணலி விளையாட்டுச் சாமான் இல்லையே :) ஆனால் மதர் 2இல் நெஸ்ஸோடு வரும் பாலாவின் ஆயுதம் வாணலிதான்.

ஸ்மாஷில் கிராமத்தான் (வில்லேஜர்) பாத்திரம் கீழே போடும் பௌலிங் பந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடை விளிம்பைப் பிடிக்கத் தவிப்பவன் தலையில் அது விழும்போது பார்க்கப் பாவமாக இருக்கும். பிராலில் வந்த கால்பந்து ஐட்டத்தை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கையில் எடுக்க முடியாது, அடித்தால் தீப்பிடித்துப் பறக்கிறது, நாலு பேர் ஆட்டத்தில் யார் அடித்தது யார் மேல் பட்டது என்று விளங்குவதற்குள் ஆள் காலி. முன்னறிவிப்பு இல்லாத அடி என்று புகார் சொல்வதானால் அதன் மேல் சொல்லுங்கள்.

பழைய_கேட்ரிட்ஜ்
மாணிக்கம், வானத்திலிருந்து விழும் இடம் பற்றிய உங்கள் வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தூக்கி எறிவதைப் பற்றிச் சொன்னதும் நியாயமான புகார். அதில் காத்திருப்பே கிடையாது. ஆனால் மட்டையை அணைத்தால் அந்தக் காத்திருப்பு கொடுக்கும் கூத்தும் போய்விடும். நாலு பேரில் ஒருவன் மட்டையை இழுத்து நிற்க, மற்ற மூவரும் சண்டையை விட்டுவிட்டுச் சிதறி ஓடுவது வேறெந்த ஐட்டத்திலும் கிடைக்காது.

மெலீ_மாணிக்கம்
அப்படியென்றால் பட்டியலில் மற்ற எல்லாவற்றையும் அணைத்து மட்டையை மட்டும் வையுங்கள். விழும் அளவை அதிகபட்சமாக ஏற்றிவிடுங்கள். எல்லார் கைக்கும் மட்டை வந்துவிட்டால் எவன் பக்கத்தில் விழுந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. எறிவது கூடாது, எறிந்தவன் அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார வேண்டும். இப்படியென்றால் நானும் ஆடுவேன்.

கணக்குப்பிள்ளை
எறிந்தானா, கை தவறி விழுந்ததா என்று யார் தீர்ப்புச் சொல்வது?

மெலீ_மாணிக்கம்
ரீப்ளே இருக்கிறது, சேமித்துவிட்டு அப்புறம் சண்டை போடலாம்.

பழைய_கேட்ரிட்ஜ்
சரி, இந்த வாரம் இதே விதியில் ஆடிப் பார்க்கிறோம். கால்பந்தும் அணைத்தாயிற்று, ஓனெட்_வாசி நிம்மதியாக இருக்கலாம். நெஸ்ஸை எடுக்கத் தடை இல்லை. அவன் கையில் ஏற்கெனவே ஒரு மட்டை இருக்கிறது என்று யாரும் ஆட்சேபம் கொண்டுவர வேண்டாம்.